மூணு நாளா ஒரே அல்லிப்பூவ பாத்துட்டு இருந்தேன்

ஒரு குட்டை, முழங்கால் அளவு கூட தண்ணி இல்ல, அதுல நீல அல்லி ஒண்ணு மொட்டு விட்டிருந்துச்சு. தாமரைன்னு நெனச்சு போட்டோ எடுத்துட்டு வந்து போட்டா, ஆளாளுக்கு வந்து திருத்துனாங்க. நியாயம்தான், இலைய பாத்தாலே தெரிஞ்சிருக்கணும். அல்லி இலை தண்ணி மேல படிஞ்சு கெடக்கும், விளிம்புலருந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலைல அந்த வெட்டு கிடையாது, வளந்ததுக்கு அப்புறம் தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும்.

சரி விஷயத்துக்கு வரேன். முதல் நாள் பூவுக்குள்ள எட்டிப்பாத்தா நடுவுல சின்ன கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதுல தண்ணி. மழையும் இல்ல பனியும் இல்ல, எங்கேருந்து வந்துச்சுன்னு தேடி படிச்சப்போதான் தெரிஞ்சுது, அது பூவே சுரக்குற திரவமாம். முதல் நாள் அல்லி பெண் பூ மாதிரி, சூலகம்தான் (விதை உருவாகுற பெண் பாகம்) தயாரா இருக்கும், மகரந்தம் இன்னும் வெளிய வராது. வேற அல்லில மகரந்தத்த பூசிகிட்டு வர்ற பூச்சி வழுக்கி அந்த கிண்ணத்துல விழுந்தா மகரந்தம் கழுவி எறங்கிடும், வேலை முடிஞ்சுது. குட்டி பூச்சியா இருந்தா சில சமயம் மூழ்கி செத்தும் போகுமாம். இவ்ளோ அழகான பூவுக்குள்ள இப்படி ஒரு பொறி!

மத்தியானத்துக்கு மேல பூ மூடிக்குச்சு, நான் வாடிருச்சுன்னே நெனச்சேன். மறுநாள் காலைல அதே பூ திரும்ப விரிஞ்சு நிக்குது, ஆனா கிண்ணத்துல தண்ணி இல்ல, சுத்தி இருந்த கேசரங்கள் (மகரந்தம் தர்ற ஆண் பாகம்) உள்பக்கமா வளைஞ்சு மஞ்சளா மகரந்தம் கொட்டிட்டு இருக்கு. அதாவது நேத்து பெண்ணு, இன்னிக்கு ஆணு. ஒரே பூவுக்குள்ள ரெண்டும் ஒரே நேரத்துல வராததால தன் மகரந்தம் தனக்கே விழற வாய்ப்பு குறைவு.

வெள்ளை அல்லிக்கு டைமிங்கே வேற, அது ராத்திரி விரிஞ்சு காலைல வெயில் ஏற ஏற மூடிக்கும். நிலாவ பாத்து மலரும்னு கவிஞர்கள் சொன்னதெல்லாம் இதத்தான். (ஆம்பல், குமுதம், குவளை, நெய்தல்னு எந்த பேரு எந்த பூவுக்குன்னு கேட்டுடாதீங்க, அது தனி சண்டை.)

இந்த நீல அல்லிதான் இலங்கையோட தேசிய மலர், பங்களாதேஷுக்கும் அல்லிதான், ஆனா அங்க வெள்ளை அல்லி. நர்சரில தொட்டியோட விக்கிற பளிச்னு ஊதா அல்லி பெரும்பாலும் கலப்பினம், அத கொண்டு போய் இயற்கையான குளத்துல மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ்.

நாலாவது நாள் போனப்போ பூவக் காணோம். யாரும் பறிக்கல, காம்பு வளைஞ்சு பூவ தண்ணிக்குள்ள இழுத்துக்கிச்சு. காய் அங்கதான் பழுக்கும். பழுத்து வெடிச்சா விதைங்க மேல வந்து கொஞ்ச நேரம் மிதக்குமாம், அப்புறம் சேத்துல எறங்கிடுமாம். அத பாக்கணும்னு இப்ப டெய்லி அந்த பக்கமா போயிட்டு இருக்கேன்.