இரண்டு கட்டடங்களின் கணினிகளை ஃபைபரால் இணைத்த அனுபவம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் தொடங்கும் பரபரப்பு ஆண்டு முடியும் வரை ஓய்வதில்லை. நான் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவு ஒரு கட்டடத்திலும், கணினியிலிருந்து நேரடியாக அச்சுத் தகடு (பிளேட்) எடுக்கும் சிடிபி இயந்திரமும் ஆஃப்செட் இயந்திரங்களும் பக்கத்துக் கட்டடத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கோப்புகள் பென்டிரைவில்தான் போய்வந்தன. 20×30 அங்குலத் தாளுக்கு 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) அடர்த்தியில் ஒரு வண்ணத்தின் பிளேட் தரவு, சுருக்காத நிலையில் 432 எம்பி வரும். நான்கு வண்ணங்களுக்கும் சேர்த்து 1.7 ஜிபியைத் தாண்டிவிடும். ஆனால் கோப்பின் அளவைவிட, திருத்திய கோப்பு எது, பழைய கோப்பு எது என்று பிளேட் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. ஆகவே அந்த ஆண்டு ஆடி பிறப்பதற்குள் இரண்டு கட்டடங்களையும் இணைத்துவிடுவது என்று முடிவானது.

எங்கள் மின்பணியாளர் அண்ணன் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கேட்-6 என்னும் செம்பு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடலாம் என்றார். சுவருக்குச் சுவர் அளந்தால் தூரம் குறைவுதான். ஆனால் கேபிள் மாடியிலிருந்து இறங்கி, காம்பவுண்டைக் கடந்து, மறுபுறம் ஏறி நெட்வொர்க் கருவிகள் இருக்கும் ரேக்கை அடையும் வழியைக் கணக்கிட்டபோது, ஈதர்நெட் செம்புக் கம்பிக்கு வகுக்கப்பட்ட 100 மீட்டர் எல்லையைத் தாண்டியது. இடையில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (தரவை வாங்கி மறுபுறம் அனுப்பும் பெட்டி) வைத்தால் அது தீர்ந்துவிடும். தீராதது எர்த் பிரச்சினை. இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி எர்த் குழி. அருகில் இடி விழும்போது இரண்டு குழிகளுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு எழக்கூடும். ஈதர்நெட் முனையில் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரோ 1500 வோல்ட் வரை தாங்கும்படிதான் சோதிக்கப்படுகிறது. கவசமிட்ட கேபிளைப் போட்டு அதன் கவசத்தை இருபுறமும் எர்த் செய்தால், அந்த வேறுபாட்டுக்கு நாமே பாதை அமைத்துக் கொடுத்ததாகிவிடும். சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் ஊரில் சிடிபி இயந்திரத்தை அப்படியொரு கம்பியோடு இணைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கம்பியில்லா இணைப்பையும் யோசித்தோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கு 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. இரண்டு மொட்டைமாடிகளிலும் ஆளுக்கொரு ஆன்டெனா வைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நடுவில் பொதுச் சாலை இருந்திருந்தால் நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். இங்கே இடையில் இருந்ததோ உரிமையாளரின் சொந்த நிலம். பள்ளம் தோண்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால், மின்னைக் கடத்தாமல் ஒளியை மட்டும் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் என்று தீர்மானித்தோம்.

பள்ளத்தில் எச்டிபிஇ என்னும் பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, கேபிளோடு உதிரியாக ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டோம். எலிக்குப் பயந்து இரும்புக் கவசமிட்ட ஃபைபரைப் போடச் சொன்னார்கள். இரும்பும் மின்னைக் கடத்தும் என்பதால் உலோகமே இல்லாத ஆறு இழை சிங்கிள்-மோட் (ஒளி ஒரே பாதையில் செல்லும் மெல்லிய மையமுள்ள ரகம்) கேபிளை வாங்கி, எலி நுழையாதபடி குழாயின் இரண்டு வாய்களையும் அடைத்தோம். இழுப்பவர்களிடம் நான் வற்புறுத்தியது ஒன்றுதான்: இழுக்கும்போது கேபிள் எங்கும் அதன் விட்டத்தைப் போல இருபது மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. சுவர் மூலைகளில் செம்புக் கம்பியை மடக்கிப் பழகிய கைகளுக்கு இது சற்று எரிச்சலூட்டியது.

ஸ்ப்ளைசிங், அதாவது இழைகளை ஒட்டும் வேலை, செய்ய வந்தவர் இரண்டு முனைகளிலும் இழைகள் வந்து முடியும் எல்ஐயூ பெட்டியைப் பொருத்தி, ஆறு இழைகளையும் பிக்டெயிலோடு (ஒரு முனையில் கனெக்டர் உள்ள சிறு இழைத்துண்டு) உருக்கி ஒட்டினார். இரண்டு இழைகள் போதுமே என்று கேட்டார். கருவி கையில் இருக்கும்போதே மீதியையும் முடித்துவிடுவதுதான் சிக்கனம். தூரம் சிறிது என்பதால் இழையில் பழுது எங்கே என்று காட்டும் ஓடிடிஆர் கருவியைக் கேட்கவில்லை, மறுமுனைக்கு வந்துசேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரே போதுமானதாக இருந்தது. 1310 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபெல் மட்டுமே இழக்கும். எனவே எங்கள் தூரத்துக்கு இழப்பு என்று ஏதாவது தெரிந்தால் அது கனெக்டரில் படிந்த தூசியாகத்தான் இருக்கும். சுவிட்சில் செருகி மின் குறிகையை ஒளியாக மாற்றும் எஸ்எஃப்பி என்னும் சிறு கருவியில் 10 கிலோமீட்டர் ரகம் இந்தச் சிறு தூரத்துக்கும் பொருந்தும். அதற்கு மாறாக 80 கிலோமீட்டர் ரகத்தை மாட்டினால் அதன் ஒளி மிகுந்து மறுமுனையில் உள்ள உணரியையே கெடுத்துவிடக்கூடும்.

சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கவனமாகச் செய்ய வேண்டியவை அதற்கு முன்னும் பின்னும் இருந்தன. இரண்டு கட்டடங்களிலும் தனித்தனி பிராட்பேண்ட் ரவுட்டர்கள் இருந்தன. இரண்டின் முகவரியும் 192.168.1.1, இரண்டும் தம்மிடம் வருவோருக்கு ஐபி முகவரி வழங்குபவை. அப்படியே இணைத்தால் ஒரே முகவரி இரண்டு கணினிகளுக்குப் போய்ச் சேரும். ஆகவே கேபிளைச் செருகுமுன்பே வடிவமைப்புக் கட்டடத்தை 192.168.10 என்று தொடங்கும் முகவரி வரிசைக்கும், அச்சுக் கட்டடத்தை 192.168.20 வரிசைக்கும் மாற்றி, இடையே, இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் தரவைக் கடத்தும் லேயர்-3 சுவிட்ச் ஒன்றை வைத்திருந்தேன். சிடிபி கணினியின் நிலையான முகவரியை மட்டும் இயந்திர நிறுவனத்தின் பொறியாளர் வந்த பிறகே மாற்றினோம். அதன் மென்பொருளில் அந்த முகவரி எங்கெங்கே பதிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிப் பிரித்ததில் ஒரு சிக்கலும் வந்தது. விண்டோஸின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால், நம்பகமான நெட்வொர்க்குக்கான பிரைவேட் அமைப்பில், கோப்புப் பகிர்வைத் தன் வரிசையில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே இயல்பாக அனுமதிக்கும். மறுமுனைக் கணினி எட்டுகிறதா என்று சோதிக்கப் பிங் செய்தால்கூடப் பதில் வராது. ஃபைபரில்தான் பழுது என்று பார்ப்பவர் எண்ணிவிடுவார். சிடிபி கணினியின் ஃபயர்வாலில் 192.168.10 வரிசையைச் சேர்த்ததும் கோப்புகள் போயின. நெட்வொர்க் சின்னத்தைத் திறந்து பக்கத்துக் கணினியைத் தேடும் பழக்கமும் இரண்டு வரிசைகளுக்கிடையே பலிக்காது என்பதால், எல்லாக் கணினிகளிலும் பிளேட் கோப்புறையை பி என்ற டிரைவாக இணைத்துக் கொடுத்தேன்.

மீதமுள்ள நான்கு இழைகளில் இரண்டை இப்போது கண்காணிப்புக் கேமராக்களுக்குத் தனியாக ஒதுக்கியிருக்கிறோம். மற்ற இரண்டும் தூசி மூடியோடு எல்ஐயூ பெட்டியில் இருக்கின்றன. எந்த நிற இழை எந்த முனைக்குப் போகிறது என்ற வரைபடத்தை இரண்டு ரேக் கதவுகளின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கிறேன்.