ஸ்லைகோவின் கல்லறைகளை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

ஸ்லைகோ கவுண்டியில் ஒரு கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் புரியாது. அயர்லாந்தின் வடமேற்குக் கரையோரம் இருக்கும் இந்தப் பகுதியில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நடைவழிக் கல்லறைகள் சமவெளியிலும் மலையுச்சிகளிலும் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. கேரோமோர் வயல்வெளியில் நின்று மேற்கே நிமிர்ந்தால் நாக்னரே மலையின் உச்சியில் ஒரு பெரிய கற்குவை தெரியும். தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் கேரோகீல் மலைமுகட்டிலிருந்தும், வானம் தெளிவாக இருந்தால், அதே கற்குவை தெரியும். இடத்தைத் தேர்ந்தவர்கள் இதை யோசித்தே தேர்ந்திருக்கிறார்கள் என்பது சுற்றிப் பார்க்கப் பார்க்க உறுதியாகும். 2023-ல் அயர்லாந்து அரசு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான தன் உத்தேசப் பட்டியலில் ஸ்லைகோவைச் சேர்த்தபோதும் எந்தத் தனிக் கல்லறையின் பெயரிலும் சேர்க்கவில்லை. நடைவழிக் கல்லறைகள் நிறைந்த நிலப்பரப்பு என்று மொத்தமாகத்தான் சேர்த்தது. சரியான முடிவு.

நடைவழிக் கல்லறையின் அடிப்படை அமைப்பு எளிது. நடுவில் கல்லால் ஆன ஓர் அறை. அதிலிருந்து வெளி விளிம்புவரை இரு வரிசைக் கற்களால் ஒரு குறுகிய வழி. அறையை மூடிக் குவித்த கற்கள். குவியல் சரியாமல் சுற்றிலும் பெரிய விளிம்புக் கற்கள். இறந்தவர்களை எரித்து, எலும்புகளை உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் அல்ல, பல தலைமுறைகளாக. ஆனால் இந்த இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டு கேரோமோருக்குப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். அங்கே பெரும்பாலானவற்றில் குவியலும் இல்லை, நீண்ட வழியும் இல்லை. உருண்டைப் பாறைகளால் ஆன ஒரு வட்டம், நடுவில் மூடுகல் சுமந்த ஒரு கற்திட்டை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கல்லின் வகை என்பது என் கருத்து. கேரோமோர் நிலம் பனியாறு விட்டுப்போன சரளை மேடு. அதோடு சேர்ந்து ஆக்ஸ் மலைகளின் நைஸ் பாறைகளும் உருண்டு வந்து கிடந்தன. நைஸ் கடினமானது, உருண்டையானது. பலகை பலகையாகப் பிளக்காது. அதை வைத்து அடுக்குக் கூரை எழுப்ப முடியாது. எனவே ஐந்து கற்களை நெருக்கமாக நட்டு, மேலே ஒரே ஒரு பாறையை ஏற்றினார்கள். மூடுகல்லின் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் கூம்பாகவும் இருப்பதைக் கவனியுங்கள். தட்டையான முகத்தைப் பார்த்துத்தான் பாறையைப் பொறுக்கியிருக்கிறார்கள். கேரோகீல் மலையோ சுண்ணாம்புக் கல். அது படலம் படலமாகப் பெயரும். அந்தப் பலகைகளை ஒன்றைவிட ஒன்று சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கினால், வட்டம் மேலே போகப் போகச் சுருங்கி, கடைசியில் ஒரு கல்லால் மூடிவிடலாம். அங்கே ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்தில் கூரை அமைந்தது அப்படித்தான்.

கேரோமோரிலிருந்து தொடங்குங்கள். ஸ்லைகோ நகரத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர்தான். அரசின் பொதுப்பணி அலுவலகம் நடத்தும் சிறிய பார்வையாளர் மையம் ஒரு பழைய குடிலில் இருக்கிறது. குளிர்காலத்தில் மையம் மூடியிருக்கும், ஆகவே பருவத்தைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இன்று எஞ்சியிருப்பவை சுமார் 30 கல்லறைகள். 1837-ல் ஜார்ஜ் பெட்ரி நில அளவைத் துறைக்காக இங்கே வந்து எண்ணியபோது அறுபதுக்கும் மேல் பட்டியலிட்டார். அவர் இட்ட எண்களைத்தான் இன்றும் ஒவ்வொரு கல்லறைக்கும் சொல்கிறார்கள். நடுவில் விடுபட்ட எண்கள் தென்பட்டால், அவற்றில் பல வெட்டியெடுக்கப்பட்ட சரளையோடு போனவை. சரளைக் குழி தோண்டியதும், வயலைச் சுத்தம் செய்ததும், புதையல் தேடியதும் சேர்ந்துதான் பாதியை அழித்தன.

புதையல் தேடியவர்களில் முக்கியமானவர் ரோஜர் வாக்கர் என்ற 19-ஆம் நூற்றாண்டு நிலக்கிழார். ஏராளமான கல்லறைகளைத் தோண்டினார். எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் எது கிடைத்தது என்ற குறிப்பு மிகக் குறைவு. அவர் சேர்த்த பொருட்கள் இங்கிலாந்தின் ஆல்ன்விக் கோட்டைத் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தன. பொருள் தப்பிவிட்டது, இடம்தான் தொலைந்தது. தொல்லியலில் இது பெரிய இழப்பு, ஏனென்றால் ஓர் எலும்பு ஊசி தனியாக எதையும் சொல்லாது. எந்த எலும்புகளோடு கிடந்தது என்பதே அதன் செய்தி.

அந்த ஊசிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மான்கொம்பில் செதுக்கி, காளான் வடிவத் தலை வைத்த ஊசிகள் கேரோமோரின் எரிந்த எலும்புகளோடு அடிக்கடி கிடைக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று கோரன் புரென்ஹுல்ட் தலைமையில் 1977 முதல் 1982 வரையும், மறுபடி 1990களிலும் இங்கே அகழ்ந்தது. கிடைத்த கரித்துண்டுகளை ரேடியோ கார்பன் முறையில் அளந்தபோது சில தேதிகள் கி.மு. 5000-க்கும் முன்னால் போயின. அப்படியானால் அயர்லாந்தில் விவசாயம் வருவதற்கு முன்பே, வேட்டையாடியவர்களே, இந்தக் கல்லறைகளைக் கட்டினார்கள் என்றாகிவிடும். இன்றும் பல சுற்றுலாத் துண்டறிக்கைகளிலும் இணையப் பக்கங்களிலும் அந்தப் பழைய தேதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்ப வேண்டாம்.

எங்கே பிசகியது என்றால், கரி ஒரு நெருப்பின் வயதைத்தான் சொல்லும். அதுவும் எரிந்த மரம் வளர்ந்த காலத்தை. கல்லறை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அதே மேட்டில் யாரோ அடுப்பு மூட்டியிருந்தால், அந்தக் கரியும் கல்லுக்கு அடியில்தான் கிடக்கும். ஊசி அப்படியில்லை, சடங்கோடு, எரிந்த எலும்போடு உள்ளே போனது. ஸ்டீஃபன் பெர்க், ராபர்ட் ஹென்ஸி என்ற தொல்லியலாளர்கள் இருவரும் ஊசிகளையே நேரடியாக அளந்து 2013-ல் வெளியிட்ட முடிவுகள், கேரோமோர் பயன்பாட்டில் இருந்த காலத்தை ஏறத்தாழ கி.மு. 3700-இலிருந்து 3000 வரை என்று கொண்டுவந்தன. விவசாயிகள் கட்டியவை என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. ஸ்லைகோ நகரின் ஓரத்தில் உள்ள மஹரபோயில், சாலை போடுவதற்கு முன் 2003-ல் நடந்த அகழாய்வில், கி.மு. 4000-ஐ ஒட்டிய ஓர் அகழிச் சுற்றும் வெளிப்பட்டது. கல்லறை கட்டியவர்களுக்கு முந்திய தலைமுறையினர் பக்கத்திலேயே கூடி நிலம் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

கேரோமோரின் நடுவில் இருப்பது 51-ஆம் எண், லிஸ்டோகில். இங்கே கற்குவை உடைய கல்லறை இதுதான்; விட்டம் சுமார் 34 மீட்டர். சுற்றியுள்ள சிறிய கல்லறைகளில் பல தம் வாசலை இதை நோக்கியே திருப்பியிருக்கின்றன. ஒவ்வொரு கற்திட்டையின் பின்பக்கமும் குனிந்து நின்று வாசல் வழியாகப் பாருங்கள், எந்தப் பக்கம் கண் போகிறது என்று தெரியும். லிஸ்டோகிலின் மூடுகல் மட்டும் சுண்ணாம்புப் பலகை. அதன் முன்விளிம்பில் மெல்லிய செதுக்கல் உண்டு, சாய்ந்த வெயிலில்தான் தெரியும். நண்பகலில் போனால் ஒன்றும் புலப்படாது. ஒரு எச்சரிக்கை: இப்போது காணும் குவியலும், கம்பிக்கூடைகளில் கல் நிரப்பி அறைவரை வெட்டிய அகலமான பாதையும் அண்மைக் காலத்தவை. அந்தப் பாதையைப் பழைய நடைவழி என்று எண்ணிவிடக் கூடாது. புனரமைப்பை நான் ஆதரிக்கவில்லை. புதியது எது, பழையது எது என்று அந்த இடமே சொல்வதில்லை.

1980களில் கேரோமோரின் அருகில் கவுண்டி நிர்வாகம் குப்பைக் கிடங்கு அமைக்கத் திட்டமிட்டது. உள்ளூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போய், திட்டம் நின்றது. ஒரு கல்லைத் தொடாவிட்டாலும் கற்கள் நிற்கும் சூழலைக் கெடுத்தால் அதுவும் சேதமே என்ற வாதம் அங்கே வென்றது. ஸ்லைகோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இது எந்த அகழாய்வுக்கும் குறையாத நிகழ்வு.

அடுத்தது நாக்னரே. உயரம் 327 மீட்டர். ஏறப் பிரதானமாக இரண்டு பாதைகள்: தெற்கே கிரேஞ்ச் பக்கத்துக் கார் நிறுத்தத்திலிருந்து ஒன்று, ஸ்டிராண்ட்ஹில் கிராமத்திலிருந்து காட்டினூடே பலகை நடைபாதையும் படிகளுமாக இன்னொன்று. முதலாவது சுலபம், இரண்டாவது செங்குத்து. எதில் போனாலும் மேலே அட்லாண்டிக் காற்று நேராக அடிக்கும். ஈரமான சுண்ணாம்புக் கல் வழுக்கும். இறங்கும்போதுதான் பெரும்பாலும் விழுகிறார்கள். மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தால் அன்று ஏறாதீர்கள். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத இடத்தில் கல்லறைகளுக்கு இடையேயான பார்வைக்கோடு எப்படிப் புரியும்?

உச்சியில் இருப்பது மேவ் அரசியின் கற்குவை. விட்டம் சுமார் 55 மீட்டர், உயரம் சுமார் 10 மீட்டர். அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கானாட்டின் அரசியாகப் பழங்கதைகள் சொல்லும் மேவ் இதற்குள் புதைக்கப்பட்டதாக ஐதீகம். கதைகளில் அவளுடைய கோட்டை ரோஸ்காமன் கவுண்டியின் ராத்குரோகனில் இருக்கிறது. கற்குவையோ அந்தக் கதைகள் பேசும் காலத்துக்கு மூவாயிரம் ஆண்டு மூத்தது. இதுவரை யாரும் முறையாக அகழவில்லை. சுற்றியுள்ள சிறிய கல்லறைகளைப் பார்த்து உள்ளே நடைவழியும் அறையும் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திறக்காமல் விட்டிருப்பதே நல்லது.

கற்குவைமேல் ஏறாதீர்கள். ஒவ்வொரு காலடியிலும் கற்கள் சற்றே கீழே நழுவுகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஏறினால் பக்கவாட்டில் தடமே பள்ளமாகிவிடும். கீழிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் மேலே வைப்பது பழைய வழக்கம் என்றாலும், இப்போது நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் துறை அதையும் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறது. அதைவிடக் கேடு, தரையில் கல் அடுக்கிப் பெயர் எழுதுவது. அந்தக் கற்கள் பெரும்பாலும் பக்கத்துச் சிறு கல்லறைகளிலிருந்து எடுத்தவை. சிதைந்து, தரையோடு தரையாக இருப்பதால் அவை கல்லறை என்றே பலருக்குத் தெரிவதில்லை. அவை வடக்கு தெற்காக வரிசையில் அமைந்திருப்பதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்டுகொள்ளலாம். மலையின் கிழக்குச் சரிவில் தாழ்வான மண்-கல் கரைகளும் குடிசைத் தளங்களும் உண்டு. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் நிழலால் எழுந்து தெரியும்.

கேரோகீலுக்கு ஒரு முழுநாள் வையுங்கள். நகரத்திலிருந்து என்4 சாலையில் தெற்கே காஸில்பால்ட்வின் வரை வந்து, பிரிக்லீவ் மலைக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் பகுதி ஒற்றைத் தடச் சாலை. கீழேயே வண்டியை விட்டு நடப்பது உத்தமம். ஆட்டு மந்தைகள் மேயும் நிலம் என்பதால் நாயைக் கூட்டிப்போகக் கூடாது. திறந்த படலை மூடிவிட்டே நகர வேண்டும்.

1911-ல் மெக்காலிஸ்டர், ஆர்ம்ஸ்டிராங், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இங்குள்ள கற்குவைகளை அவசரமாகத் திறந்து, ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டார்கள். வெண்கலக் காலத்தவை என்று முடிவு கட்டியது தவறு. உண்மையில் இவை அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய புதிய கற்காலத்தவை. எலும்புகள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. நூறாண்டு கழித்து அவற்றை மறுபடி ஆராய்ந்தபோது, இறந்தவர்களின் உடலை மூட்டு மூட்டாகப் பிரித்த வெட்டுத் தடயங்கள் தெரிந்தன. 2020-ல் வெளியான மரபணு ஆய்வு, நாட்டின் கிழக்கே நியூகிரேஞ்ச் என்ற பெரிய நடைவழிக் கல்லறையில் கிடந்த ஒருவருக்குக் கேரோமோரிலும் கேரோகீலிலும் தூரத்து உறவினர் இருந்ததைக் காட்டியது. 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரே கூட்டத்தார் என்பது இதனால் உறுதியானது.

ஜி எழுத்துக் கற்குவையின் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் மறையும் சூரியனின் ஒளி அதன்வழி உள்ளே வரும். இந்த அட்சரேகையில் அப்போது சூரியன் இரவு 10 மணிக்குப் பிறகுதான் மறையும், எனவே இறங்க டார்ச் விளக்கு அவசியம். உள்ளே நுழைவதானால் தவழ்ந்துதான் போக வேண்டும். முதுகுப்பையை வெளியே கழற்றி வையுங்கள்; அது உரசித்தான் கற்கள் அசைகின்றன. கூரைக் கல்லைப் பிடித்து எழாதீர்கள், சில கற்களில் விரிசல் உண்டு. மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். புகைக்கரி சுண்ணாம்புக் கல்லில் படிந்தால் தேய்த்தெடுக்கும் முயற்சியே கல்லின் மேற்பரப்பைக் கெடுக்கும்.

மலையடியில் ஆரோ ஏரிக்கு அருகே ஹீப்ஸ்டவுன் கற்குவை. அறுபது மீட்டர் அகலம், இதுவும் திறக்கப்படாதது. கல்லை அள்ளிப்போய் மதிலுக்கும் சாலைக்கும் பயன்படுத்தியதால் உயரம் குறைந்துபோனது.

நகரத்துக்கு வடக்கே, என்15 சாலையோரம் கிளிஃபோனி அருகே உள்ள கிரீவிகீல் வேறு மரபைச் சேர்ந்தது: முற்றக் கல்லறை. ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய நீண்ட குவியலின் நடுவே வானம் பார்த்த நீள்வட்ட முற்றம், அதன் கோடியில் இரண்டு அறைகள். 1935-ல் ஹார்வர்ட் குழு அகழ்ந்தது. முற்றத்துக்குள் தெரியும் சூளையின் சுவடு மிகப் பிற்காலத்தது. கல்லறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாலையிலிருந்து சில நிமிட நடை என்பதால் மழை நாளுக்கு ஏற்ற இடம்.

எங்கே போனாலும் உலோகக் கண்டுபிடிப்பான் எடுத்துப்போகாதீர்கள். அனுமதியின்றி அதைக் கொண்டு தொல்பொருள் தேடுவது அயர்லாந்தில் குற்றம். புதிய கீறலோ பெயர்ந்த கல்லோ கண்ணில் பட்டால் எடுத்துப் பொருத்த முயலாமல், படம் பிடித்து, கற்குவையின் எழுத்தையோ எண்ணையோ குறித்து தேசிய நினைவுச் சின்னங்கள் துறைக்குத் தெரிவியுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் கேரோமோர், வானம் திறந்ததும் நாக்னரே. கேரோகீலை அவசரத்தில் திணிக்காமல் அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.