ஒரு வருடம் பொறுத்தால் என்ன?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி சீசன் முடியும்போதெல்லாம் அதே கேள்வி வரும்: பையன் படிப்பைத் தொடர்வானா, வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவானா? போட்டுவிட்டால் கல்லூரி அணிக்குத் திரும்ப வழியில்லை. இருபது வயதுக்கு இது பெரிய முடிவு.

எனக்கு உடனே நினைவுக்கு வருவது கேல் மக்கார்தான். 2017 டிராஃப்டில், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 4வது ஆளாக கொலராடோ அவலாஞ்ச் அணி அவரை எடுத்தது. அவ்வளவு மேலே எடுக்கப்பட்டவர், முதல் சீசன் முடிந்த பிறகும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் அந்த அணி ஜெயித்தது வெறும் 5 ஆட்டங்கள். 2019இல் அதே அணி தேசிய இறுதிப் போட்டியில் நின்றது! கல்லூரி ஹாக்கியின் உயர்ந்த விருதான ஹோபி பேக்கரும் அவருக்கே. அந்த இறுதிப் போட்டியில் மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள். அது ஏப்ரல் 13. 15ஆம் தேதி கால்கரிக்கு எதிரான என்.எச்.எல். பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்று) ஆட்டத்தில் அவலாஞ்ச் சட்டையில் இறங்கினார், கோலும் அடித்தார். நினைத்தாலே சிலிர்க்கிறது.

அதற்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். மாக்லின் செலப்ரினி பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே சீசன்தான் ஆடினார். அதிலேயே ஹோபி பேக்கர் வாங்கிவிட்டார், 2024 டிராஃப்டில் முதல் ஆளாகவும் போனார். அவருக்கு அங்கே நிரூபிக்க வேறென்ன மிச்சம்?

ஆனால் அணியின் மூன்றாவது, நான்காவது வரிசையில், அதாவது குறைவான நேரம் களமிறங்கும் வரிசைகளில், ஆடுகிற பையன்கள் அவசரப்படும்போது மனசு அடித்துக்கொள்கிறது. கீழ்நிலை லீக்கில் ஆட்ட நேரத்துக்குப் போராடுவதை விட, கல்லூரியில் முக்கிய நிமிடங்களை ஆடிக்கொண்டே பட்டத்தையும் முடிப்பது அவர்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பையனாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?