இன்ஃபீல்ட் ஃப்ளை: அம்பயர் எதைப் பார்த்துக் கை தூக்குகிறார்?

பேஸ்பாலில், உள்பக்கம் நிற்கும் ஃபீல்டர் (இன்ஃபீல்டர்) எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரமான பந்தை அம்பயர் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்று அறிவித்தால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். "பந்து உள்பக்கத்தைத் தாண்டிப் புல்வெளிக்கே போய்விட்டதே, அப்புறம் எப்படி அது இன்ஃபீல்ட் ஃப்ளை?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இந்த விதிக்கு மைதானத்தில் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. புல், பேஸ் லைன் (பேஸ்களுக்கு இடையே ஓடும் பாதை) மாதிரி எதையும் வரம்பாக வைத்துக்கொள்ளாமல் அம்பயர் தன் கணிப்பில் முடிவெடுக்க வேண்டும் என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

விதி எதற்கு வந்தது என்று தெரிந்தால் இது சுலபமாகப் புரியும். முதல், இரண்டாம் பேஸில் (ஓடிச் சேரவேண்டிய மூலைகளில்) ரன்னர்கள், அதாவது பேட்டரின் அணிக்காரர்கள், நிற்கிறார்கள் (மூன்றிலும் ஆள் இருக்கலாம்), இரண்டு அவுட் இன்னும் ஆகவில்லை, பந்து உயரமாக எழும்புகிறது. பிடித்துவிட்டால் திரும்பி வரவேண்டுமே என்று ரன்னர்கள் பேஸ் பக்கத்திலேயே நிற்பார்கள். ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டால், பின்னால் ஓடிவரும் பேட்டருக்கு இடம் விட அவர்கள் ஓடித்தான் ஆகவேண்டும், அதற்குள் மூன்றாம் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் பந்தை எறிந்து இரண்டு அவுட் எடுத்துவிடலாம். 1890களில் இந்தத் தந்திரத்தை அடக்கத்தான் விதி வந்தது: பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட், அதனால் ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

பந்து ஃபேராக (ஃபவுல் கோடுகளுக்கு உள்ளே) இருக்க வேண்டும், லைன் டிரைவும் (தாழ்வாக நேராகப் பாயும் பந்து) பண்ட்டும் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் பந்து) கணக்கில் வராது. இதெல்லாம் சுலபம். சிக்கல், இன்ஃபீல்டர் ஒருவர் 'சாதாரண முயற்சியில்' பிடிக்கக்கூடியதா என்பதில்தான். அந்த லீக்கில் அந்த இடத்தில் ஆடும் சராசரித் திறமையுள்ள ஆளால் முடியுமா என்பதே அளவுகோல், காற்றும் மைதானத்தின் நிலையும் அதில் சேரும். அதனால் பலத்த காற்றில் அலைக்கழியும் பந்துக்கு அம்பயர் பேசாமல் இருந்துவிடலாம். அவுட்ஃபீல்டர் ஓடிவந்து பிடித்தாலும், இன்ஃபீல்டரால் எளிதாகப் பிடித்திருக்க முடியும் என்றால் விதி பொருந்தும்.

நல்ல அம்பயர் பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பந்து உச்சிக்குப் போகும்வரை காத்திருந்து, ஃபீல்டரின் காலைப் பார்ப்பார். ஆள் ஓட்டத்தை நிறுத்தி, பந்துக்கு அடியில் நிலையாக நின்றுவிட்டாரா, இல்லை இன்னும் பின்னோக்கித் தடுமாறுகிறாரா? நின்றுவிட்டால் விரலை மேலே நீட்டி உரக்க அறிவிப்பார். ஃபவுல் கோட்டுக்குப் பக்கத்தில் என்றால் "ஃபேர் ஆனால்" என்று சேர்த்துச் சொல்வார். இப்படி ஒரு சூழ்நிலை அமைந்ததுமே, அடுத்த பந்து வீசப்படும் முன் அம்பயர்கள் தங்களுக்குள் சைகை காட்டி நினைவுபடுத்திக்கொள்வதும் வழக்கம்.

அறிவித்ததும் ஆட்டம் நின்றுவிடாது, பந்து உயிரோடுதான் இருக்கும். 2024 மே மாதம் ஒயிட் சாக்ஸ், ஓரியோல்ஸ் ஆட்டத்தில் பேட்டர் இந்த விதியில் அவுட், ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் இன்ஃபீல்டர்) இடைஞ்சல் செய்தார் என்று இரண்டாம் பேஸ் ரன்னரும் அவுட், அதோடு ஆட்டமே முடிந்தது.

எல்லோரும் இன்னும் சண்டைபோடுவது 2012 அக்டோபர் 5, அட்லாண்டா ஆட்டத்தைப் பற்றித்தான். பிரேவ்ஸ் அணியின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்து இடது பக்கம் புல்வெளிக்குள் வெகுதூரம் போனது. எதிரணியான கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப் பீட் கோஸ்மா பின்னால் ஓடிப்போய், பிடிப்பதுபோல் கை தூக்கி, கடைசி நொடியில் ஒதுங்கிவிட்டார். பந்து விழுந்தது. இடது ஓரத்தில் நின்ற அம்பயர் சாம் ஹோல்ப்ரூக் அதற்குச் சற்று முன்னால்தான் இன்ஃபீல்ட் ஃப்ளை கொடுத்திருந்தார். ரசிகர்கள் பாட்டில்களை வீச, ஆட்டம் 19 நிமிடம் நின்றது.

கோஸ்மா நிலையாக நின்றார் என்ற அளவில் ஹோல்ப்ரூக் கணிப்பு நியாயமானதே, தூரத்தை வைத்துத் திட்டுவது வீண். என் குறை தாமதம்தான். பந்து விழும் தறுவாயில் சொன்னால், ரன்னரைக் காப்பாற்ற வந்த விதி அவருக்கு எப்படி உதவும்? பிரேவ்ஸ் முறையிட்டும், அது அம்பயரின் கணிப்பு என்று தள்ளுபடி ஆனது. ஒரு அவுட்டோடு மூன்று பேஸும் நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அவுட், இரண்டு ரன்னர்கள். அந்த இன்னிங்ஸில் அதற்கப்புறம் ரன் வரவில்லை, 6-3 என்று தோற்றார்கள்.