பேட்ச் போட்டாச்சா?

வெப் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பேட்ச் என்றால் மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம். கேட்பவருக்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும். எனக்கோ அது வாயில் வராது.

சர்வர்களில் ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருளின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் பழைய வெர்ஷன், அதனால் இன்னின்ன ஓட்டைகள் என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு. பல நேரங்களில் ஸ்கேனர் பார்ப்பது, சர்வர் தன் பதிலோடு அனுப்பும் வெர்ஷன் எண்ணை மட்டும்தான். டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் புது வெர்ஷனுக்குத் தாவாமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய வெர்ஷனிலேயே ஒட்டுப்போட்டுத் தருகின்றன. வெளியே தெரியும் எண் மாறாது. பேக்கேஜின் மாற்றப் பட்டியலான சேஞ்ச்லாகைத் திறந்து, அந்த ஓட்டைக்குத் தரப்பட்ட சிவிஇ என்ற அடையாள எண்ணைக் காட்டினால்தான் ஆடிட்டர் நம்புவார். சிலர் வெர்ஷன் எண்ணை மறைத்துவிட்டு, ரிப்போர்ட் பச்சையாகிவிட்டது என்பார்கள். அவர்களோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

சரி, எப்போதும் புத்தம் புது வெர்ஷனே வைத்திருந்தால்? அப்பாச்சி 2.4.49-இல், கோரிக்கையில் வரும் முகவரிப் பாதைகளைச் சீர்செய்யும் பகுதியை மாற்றியபோது ஓர் ஓட்டை விழுந்தது. மேல் ஃபோல்டருக்குப் போகச் சொல்லும் இரட்டைப் புள்ளியில், புள்ளிக்குப் பதில் அதன் சதவீதக் குறியீட்டை (%2e) அனுப்பினால், இணையதளத்தின் ஃபோல்டரைத் தாண்டி வெளியே இருக்கும் கோப்புகளைப் படிக்கலாம். சர்வரில் நிரல்களை ஓட்ட உதவும் சிஜிஐ வசதி இயங்கினால் கட்டளைகளையே ஓட்டலாம். முந்தைய வெர்ஷன்களில் இது கிடையாது; அப்டேட் செய்யச் சோம்பியவர்கள் அந்த ஒரு தடவை தப்பித்தார்கள். 2021 அக்டோபர் 4-இல் வந்த 2.4.50 அதை முழுதாக அடைக்கவில்லை. குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கினால் மறுபடி வழி திறந்தது. 7-ஆம் தேதி 2.4.51 வந்தது. எல்லாவற்றுக்கும் மேலான ரூட் ஃபோல்டருக்கு அனுமதி மறுக்கும் வழக்கமான கன்ஃபிக் (அமைப்புக் கோப்பு) வரியை நீக்காமல் வைத்திருந்தவர்களை இந்த ஓட்டை பெரிதாகத் தொடவில்லை.

என் கவலையெல்லாம் வேறோர் இடத்தில். பேட்ச் டிஸ்க்கில் இறங்கிவிடும், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோ (இயங்கும் நிரல்) தான் பயன்படுத்தும் பழைய லைப்ரரியை (பொது நிரல் தொகுப்பு) நினைவகத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரில், அமைப்பை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோடு கொடுத்தாலும், மற்றவற்றை நடத்தும் மாஸ்டர் ப்ராசஸ் பழையதுதான்; கோரிக்கைகளைக் கவனிக்கும் புது வொர்க்கர்கள் அதிலிருந்தே பிறக்கின்றன. 2014 ஏப்ரலில், இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, அப்டேட் கட்டளை ஓடி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தவர்களின் சர்வர்களெல்லாம் ரீஸ்டார்ட் ஆகும்வரை கசிந்துகொண்டுதான் இருந்தன. ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை நினைவகம் வெளியே போகலாம். அதில் சர்வரின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயும் இருக்கலாம். அதனால் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் புதுக் கீ, புதுச் சான்றிதழ், பழையதை ரத்துசெய்வது என்று வேலை நீளும்.

பேட்ச் வேலைக்கான டிக்கெட்டை (பணிப் பதிவு) மூடும் முன் ப்ராசஸ் தொடங்கிய நேரத்தைப் பார்த்துவிடுவேன். பேட்ச் வைத்த நேரத்துக்கு அது முந்தியதாக இருந்தால், டிக்கெட் திறந்தே இருக்கும், யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும்.