புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் நூலகப் பாடவேளை என் பொறுப்பு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள், எளிதிலிருந்து கடினம் வரை, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்தே வருவதால் வேலை சுலபம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வேன். தடுமாறாமல் வாசித்தால் மேல்நிலை, திணறினால் கீழ்நிலை.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கணீரென்று வாசிப்பாள், அவளுக்கு 'பற' கொடுத்தேன். இரண்டே நாளில் "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று வந்தாள். என்ன கதை என்றேன். முதல் பத்தியை அப்படியே ஒப்பித்தாள், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, கண் கலங்கிவிட்டது. தமிழில் இப்படி நடக்கும். எழுத்துகள் பிடிபட்டுவிட்டால் பொருள் தெரியாத சொல்லையும் பிசகாமல் உச்சரித்துவிடலாம். தெரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்கு, ஒரே பக்கத்தில் ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று ஒரு சோதனை உண்டே, அதில் இவள் ஒரு விரல்கூட மடக்க மாட்டாள், ஏனென்றால் எல்லாவற்றையும் வாசித்துவிட்டதாகத்தான் அவள் நினைக்கிறாள்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதற்கு நேர் எதிர். வீட்டில் 'பாத்துக்கிட்டிருந்தான்' என்று பேசுகிறவன், 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்று அச்சில் கண்டால் நாலு துண்டாக உடைத்துத்தான் கரையேறுவான். மாதக்கணக்கில் 'நுழை' புத்தகங்களையே கொடுத்தேன், அதை அவன் நோட்டுக்கு அடியில் மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தும் கொடுத்தேன். அது என் தவறு.

ஒருநாள் அவனாகவே 'ஓடு' அடுக்கிலிருந்து ஆட்டுக்குட்டிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அரைமணி நேரத்தில் மூன்று பக்கம். அப்புறம் என்னிடம் வந்து கதையைச் சொன்னான், குட்டி ஏன் பால் குடிக்கவில்லை என்பது வரை. "படம் தப்பா இருக்கு டீச்சர், வெள்ளாட்டுக்கு வால் மேல தூக்கி நிக்கும், இப்படித் தொங்குறது செம்மறிக்குத்தான்" என்றான். அவன் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். தெரிந்த உலகம் என்பதால், வாய்க்கு வராத சொல்லையும் அவன் மனம் எட்டிப் பிடித்துவிட்டது.

இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே கதையைச் சொல்லச் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த புத்தகம். ஒரு பாடவேளையில் ஐந்தாறு பேரிடம்தான் கேட்க முடிகிறது, மற்றவர்கள் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணை 'நட' நிலைக்குக் கொண்டுவந்தபோது முகம் வாடினாள், பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் பேசிப் பேசிப் படித்தோம். பையன் கோழி பற்றிய புத்தகம் கேட்டிருக்கிறான். எங்கள் அலமாரியில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.