சிங்கப்பூர் கப்பல், மத்தியதரைக் கடல்: கொள்ளுத்தாத்தாவின் சாவைத் தேடியபோது

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தது இதுதான்: அம்மாச்சியின் அப்பா சிங்கப்பூர் கப்பலில் சமையல் ஆளாக இருந்தார். கப்பல் பெயர் ரோனா. ஜப்பான்காரன் குண்டு போட்டதில் கப்பலோடு போய்விட்டார். எந்த வருடம், எந்தக் கடல், உடல் கிடைத்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கொள்ளுப்பாட்டி இருந்தவரை கார்த்திகை அமாவாசையில் திதி கொடுக்க வைத்தாராம். ஏன் கார்த்திகை என்று கேட்டுவைத்தவர்கள் யாரும் இல்லை.

கையில் இருந்த ஒரே தாள், கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் அனுப்பிய ஆங்கிலக் கடிதம். கரையான் அரித்தது போக மிஞ்சியதில் கப்பலின் பெயரும், எதிரி நடவடிக்கையால் கப்பல் மூழ்கியது, உங்கள் கணவர் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்ற வரியும் இருந்தன. தேதி இருந்த மூலையே இல்லை. இடம் எழுதப்படவே இல்லை. போர்க்காலக் கடிதங்கள் அப்படித்தான் இருக்கும். எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாத தகவல், அதனால் குடும்பத்துக்கும் தெரியாது. உங்கள் வீட்டுக் கடிதத்திலும் இடம் இல்லையென்றால் அதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆள் ராயல் இந்தியக் கடற்படையில் இருந்தாரா, வணிகக் கப்பலில் இருந்தாரா? இரண்டுக்கும் ஆவணங்கள் வேறு வேறு. துருப்புகளை ஏற்றிச்சென்ற கப்பல் என்பதால் அதன் சிப்பந்தியும் படைவீரர் ஆகிவிட மாட்டார். காசு வாங்கிக்கொண்டு தேடித்தருவதாகச் சொன்ன ஒருவர், இந்திய ராணுவப் பட்டியலிலிருந்து அதே பெயருள்ள ஒரு சிப்பாயை எடுத்து அனுப்பினார். அவர் பர்மாவில் இறந்தவர். யாருடைய தாத்தாவோ, பாவம்.

கப்பலைப் பற்றிய தகவல் எளிதாகவே கிடைத்தது. ரோனா 1926-இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இதனுடைய ஜோடிக் கப்பல்தான் ராஜுலா. நாகப்பட்டினத்துப் பெரியவர்களிடம் இன்றும் ராஜுலா என்று சொன்னால் போதும், ஒரு மணி நேரம் பேசுவார்கள். 1970-கள் வரை ஓடிய கப்பல் அது. ரோனாவோ போரில் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் மூழ்கியது. குண்டு போட்டது ஜெர்மானியர்கள்.

சிங்கப்பூர் எங்கே, அல்ஜீரியா எங்கே! ஆனாலும் வீட்டுக் கதையை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. பழைய பஞ்சாங்கக் கணக்கைப் பார்த்தேன். 1943 நவம்பர் 27 அமாவாசை, கார்த்திகை மாதம். ஆக, கொள்ளுப்பாட்டிக்குத் தேதி தெரிந்திருக்கிறது. கடிதத்தின் கரையான் தின்ற மூலையில் அது இருந்திருக்க வேண்டும். கடலைத்தான் பின்னால் வந்தவர்கள் தெரிந்த கடலாக மாற்றிக்கொண்டார்கள்.

தேதி கிடைத்ததும், போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பதிந்துவைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் தேடினேன். இங்கே பலர் தடுமாறுவது பெயரில். பழைய இந்திய மாலுமிகளுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர். அதையும் காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா எழுதியிருப்பார். அதனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இறந்த தேதியை மட்டும் கொடுத்து, வணிகக் கப்பல் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் கப்பலின் பெயரைப் பார்த்துக்கொண்டே போங்கள். பதவிப் பெயர்களில் பண்டாரி, டோபாஸ், செராங் எல்லாம் அப்படியே ஆங்கில எழுத்தில் இருக்கும். பண்டாரி என்றால் சமையல் ஆள், டோபாஸ் என்றால் துப்புரவு ஆள், செராங் என்றால் மாலுமிகளின் தலைவர். எங்கள் ஆளின் பெயர் நாங்கள் நினைத்ததற்கு மூன்றெழுத்து தள்ளி இருந்தது. அப்பா பெயரும், நெகபட்டம் என்று எழுதியிருந்த ஊரும்தான் காட்டிக்கொடுத்தன. டூட்டிகொரின், டின்னவேலி, டான்ஜோர் என்று அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.

லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே தேடி, இல்லை என்று கைவிட்டவர்கள் உண்டு. லஸ்கர் ஒப்பந்தத்தில், அதாவது ஆசிய மாலுமிகளுக்கென்று இருந்த தனி ஒப்பந்தத்தில், சேர்ந்த இந்தியர்களின் பெயர்கள் வேறிடத்தில் இருக்கின்றன: இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு மும்பை, சிட்டகாங் நினைவிடங்களின் பதிவேடுகள். ஒரே பட்டியல்தான் இரண்டு ஊரிலும் இருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பவர் நம்ம ஆள்தானா என்று உறுதிசெய்ய கப்பல் சிப்பந்திப் பட்டியல் வேண்டும். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சிப்பந்திப் பட்டியல்கள் அங்கே பி.டி. 381 என்ற வரிசையில் உள்ளன. அவை கப்பலின் பெயரில் இருக்காது, கப்பலின் பதிவெண் வரிசையில்தான் இருக்கும். எனவே முதலில் லாயிட்ஸ் என்ற கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போனது என்ற நடமாட்ட அட்டைகள் பி.டி. 389-இல் உள்ளன, அவற்றை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பட்டியலுக்கு நேரில்தான் போக வேண்டும், அல்லது நகல் எடுத்துத்தரப் பணம் கட்ட வேண்டும். சித்தப்பா பையன் லண்டனில் வேலையில் இருந்ததால் எனக்குச் செலவு மிச்சம். வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு போனான். நம் கேமராவில் படம் எடுக்கக் காசு கேட்பதில்லை.

அவன் அனுப்பிய படத்தில் பெயர், வயது, பண்டாரி, ஊர், மனைவியின் பெயர் எல்லாம் இருந்தன. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. அம்மாச்சி அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

அன்று என்னதான் நடந்தது? ஓரானில் ஏறக்குறைய 2,000 அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 25-இல் ரோனா புறப்பட்டு, கே.எம்.எஃப். 26 என்ற கான்வாயோடு, அதாவது பாதுகாப்போடு சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தோடு, சேர்ந்துகொண்டது. சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வரவேண்டியவர்கள். மறுநாள் மாலை ஜெர்மன் விமானங்கள் வந்தன. ரோனாவைத் தாக்கியது சாதாரணக் குண்டு அல்ல. ஹென்ஷல் 293 என்று பெயர், சிறகும் ராக்கெட்டும் வைத்தது. விமானத்தில் இருந்தபடியே ரேடியோவால் அதைத் திருப்பிக் கப்பலில் மோதவிடலாம். அது எஞ்சின் அறைப் பக்கம் இடது விலாவில் பாய்ந்தது. கடல் கொந்தளிப்பு, இருட்டும் வந்துவிட்டது. இறங்கிய சில படகுகளிலும் பல கவிழ்ந்தன. பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கியது. மொத்தம் 1,138 பேர் இறந்தார்கள், அவர்களில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். ஆயுதம் புதிது என்பதால் அமெரிக்க அரசு விவரத்தை நெடுங்காலம் வெளியிடவில்லை. அங்கேயே பல குடும்பங்களுக்கு ஒன்றும் தெரியாதபோது நாகப்பட்டினத்துக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

தப்பியவர்கள் பின்னால் சொன்ன நினைவுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தியச் சிப்பந்திகள் எங்களை விட்டுவிட்டு முதலில் படகில் ஏறிக்கொண்டார்கள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்தச் சிப்பந்திகளின் பெயர் தெரியாது. இரண்டு நாள் அதைத் தொடவே பிடிக்கவில்லை. சிலர் முந்தியிருக்கலாம், பயம் எல்லோருக்கும்தான். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது: சிப்பந்திகள் 195 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எல்லோரும் முதல் படகில் தப்பி ஓடியவர்கள் என்றால் இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? துருப்பிடித்து இறங்க மறுத்த படகுகளைப் பற்றியும் அதே சிப்பாய்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சமையல்கட்டில் இருந்தவரைக் குறைசொல்லி என்ன பயன்? மாலை ஐந்தரை மணிக்கு என் கொள்ளுத்தாத்தா அடுப்படியில் நின்றாரா, மேல்தளத்தில் நின்றாரா என்பதை எந்தத் தாளும் சொல்லாது. அதை இனி தேடப்போவதில்லை.

இன்னொரு தகவல். ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிய கப்பல் என்றால் யூபோட் டாட் நெட் தளத்தில் இறந்தவர்களின் பெயரோடு கிடைக்கும். விமானத்தால் மூழ்கியவை அங்கே இருக்காது. கான்வாய் விவரத்துக்கு கான்வாய்வெப் நல்லது.

கடைசி வேலை, போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவைத் திருத்துவது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான சாவுகளைத்தான் ஆணையம் இரண்டாம் உலகப் போர்க் கணக்கில் எடுக்கிறது. வணிகக் கப்பல் ஆட்கள் என்றால் போரால் இறந்தார்கள் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். பெயரே விட்டுப்போனவர்களுக்கும் ஆதாரத்தோடு எழுதிக் கேட்கலாம். நாங்கள் கடிதத்தின் நகலையும் சிப்பந்திப் பட்டியலின் படத்தையும் இணைத்து, பெயரின் எழுத்துக்கூட்டலைத் திருத்தி மனைவியின் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்திருக்கிறோம். வயதைத் தொடவில்லை. பட்டியலில் 40 என்று இருக்கிறது, அம்மாச்சி 34-க்கு மேல் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். வேலை கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொல்லியிருப்பாராம்.